தேதி மட்டும் கேட்டார்கள்

போன வாரம் நந்தினி போன் செய்தாள். நான் கடைசியாக வேலை பார்த்த நீதிமன்றத்தில் இப்போது அவள்தான் சுருக்கெழுத்தர். "அக்கா, இனி நோட்டும் பென்சிலும் வேண்டாமுங்களாம். ஐயா மைக்குல பேசுனா அதுவே டைப் ஆகிப்போடுதுங்க. நாம தப்பைத் திருத்துனாப் போதுமாமா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் செய்ததே அதுதான், அது போதுமாம்.

அவள் போன் செய்ததற்கு வேறொரு காரணம் இருந்தது. ஊழியர் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு கட்டுரை தர வேண்டுமாம். "ஜாலியா ஏதாச்சும் எழுதிக் குடுங்கக்கா. சாட்சி சொல்ல வந்தவரு கூண்டுலயே நின்னுட்டுத் தூங்கிப்போட்டாருன்னு சொல்லுவீங்களே, அதாட்ட."

அந்தக் கதையை வேறு யாராவது எழுதட்டும், அதை அறிந்தவர்கள் பத்துப் பேர் இருக்கிறார்கள். மைக்கில் பேசினால் எழுத்தாகிவிடும் என்று அவள் சொன்னதிலிருந்து எனக்கு ஒரு நீதிபதியின் நினைவுதான். பேச வேண்டியதைப் பேசாமல் இரண்டு மாதம் தள்ளிப் போட்டவர் அவர். அந்த இரண்டு மாதத்தில் தன் வீட்டைக் காப்பாற்றும் வழியை இழந்த ஓர் அம்மாவும் கூடவே நினைவுக்கு வருகிறார். மலரில் போட முடியாது என்றால் போட வேண்டாம். நந்தினியாவது படிக்கட்டும்.

நான் படித்த கதையைச் சொல்ல அதிகம் இல்லை. துடியலூரில் மாடி மேல் ஒரு தட்டச்சுப் பள்ளி. தமிழிலும் இங்கிலீஷிலும் தட்டச்சு, சுருக்கெழுத்து எல்லாம் பாஸ் செய்தேன். தேர்வு எழுதினேன், வேலை கிடைத்தது. கோர்ட்டு வேலைக்குப் பெண்பிள்ளை எதற்கு என்று கேட்ட சித்தப்பாவே பிறகு தன் நிலத் தகராறுக்கு என்னிடம் வந்து வாய்தா தேதி கேட்டார். அவ்வளவுதான்.

வெளியில் இருப்பவர்களுக்குத் தீர்ப்பு என்றால் சினிமாதான். நீதிபதி சுத்தியலால் தட்டுவார், சொல்வார், எழுந்து போவார். எங்கள் நீதிமன்றத்தில் நான் சுத்தியலைப் பார்த்ததே இல்லை. சாட்சிகள் முடிந்து, இரண்டு பக்க வக்கீல்களும் பேசி முடித்ததும், நீதிபதி அந்த வழக்கின் காகிதக் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு முழுக்கப் படிப்பார். பிறகு தன் அறையில் உட்கார்ந்து எனக்கு டிக்டேஷன் கொடுப்பார். நான் தட்டச்சு செய்து கொடுப்பேன், அவர் திருத்துவார், திரும்ப அடிப்பேன். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுவார். இத்தனையும் ஆன பிறகுதான் மேடையில் உட்கார்ந்து முடிவைப் படிக்க வேண்டும். முழுத் தீர்ப்பும் எழுத்தில் தயாராகாமல் முடிவை மட்டும் வாயால் சொல்லக் கூடாது என்பது சட்டம்.

இதில் என்ன இருக்கிறது, முன்னே எழுதினால் என்ன, பின்னே எழுதினால் என்ன என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் நினைத்ததுண்டு. என் முதல் நீதிபதி, ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்த ஓர் அம்மா, ஒரு நாள் சொன்னார். "மனசுல நினைக்கறது வேற, எழுதறது வேற. காரணம் எழுதிட்டே வரப்பதான் நாம நெனச்சது தப்புன்னு நமக்கே தெரியும். எத்தனை வழக்கு என் கையிலயே அப்படித் திரும்பியிருக்குது தெரியுமா?" அது எவ்வளவு பெரிய பேச்சு என்று அன்று எனக்குப் புரியவில்லை.

இனி நான் சொல்ல வந்த நீதிபதி. பெயர் வேண்டாம். நாங்கள் எல்லாரும் 'ஐயா' என்றுதான் சொல்வோம். தெற்கேயிருந்து மாற்றலாகி வந்தவர். குடும்பம் ஊரில் இருந்தது, இங்கே தனியாக வாடகைக்கு இருந்தார். ஒன்றை முதலிலேயே எழுதிவிடுகிறேன்: அவர் காசு வாங்குகிறவர் இல்லை. இப்படி ஒரு கதையைத் தொடங்கினாலே படிப்பவர்கள் அங்கேதான் போவார்கள். வக்கீல் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போக மாட்டார். கூண்டில் நிற்பவரையும் "நீங்க" என்றுதான் கூப்பிடுவார். வயதானவர் சாட்சி சொல்ல வந்தால் ஸ்டூல் போடச் சொல்வார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

அவர் டிக்டேஷன் கொடுப்பதைக் கேட்கவே நன்றாக இருக்கும். நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நடப்பார். கால்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் சொல்வார். வாதி என்ன சொல்கிறார், பிரதிவாதி என்ன சொல்கிறார், எந்தெந்தக் கேள்விக்கு, அதாவது எழுவினாவுக்கு, விடை காண வேண்டும் என்பதெல்லாம் தடையில்லாமல் வரும். ஒரு வார்த்தையைத் திரும்பிப் பார்க்க மாட்டார். ஆனால் யார் பக்கம் நியாயம் என்று சொல்ல வேண்டிய இடம் வந்ததும் நடை நின்றுவிடும். ஜன்னல் பக்கம் போவார். பேனாவைத் திறந்து மூடுவார். "இத நாளைக்குப் பார்க்கலாம் விஜயாம்மா" என்பார். நாளைக்கும் அதே இடத்தில் நிற்பார். எதையும் கெடுத்துவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்திலேயே எல்லாம் கெட்டது.

பாதி எழுதிய கட்டுகள் பீரோவில் சேர்ந்தன. மாதக் கடைசியில் எத்தனை வழக்கு முடித்தோம் என்று மேலே கணக்கு அனுப்ப வேண்டும். குறைந்தால் ஏன் என்று கேட்பார்கள். அதற்காக ஒரு மாதக் கடைசியில், எழுதி முடிக்காத ஒரு வழக்கில் முடிவை மட்டும் மேடையில் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் உட்கார்ந்து எழுதியும் முடித்தார். பிறகு அது பழகிப்போனது. ஒன்று இரண்டாகி, ஒரு வாரம் மூன்று வாரமானது.

நான் கேட்டேன். "சார், அந்தக் கட்டுக்கு இன்னும் டிக்டேஷன் குடுக்கலைங்களே?"

"முடிவு மனசுல தெளிவா இருக்கு விஜயாம்மா. எழுதுறதுதான் பாக்கி."

தலைமை எழுத்தரிடமும் போய்ச் சொன்னேன். அவர் என்னை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, "ஐயாவுக்குத் தெரியாததுங்களா மேடம், பாத்துக்குவாரு உடுங்க" என்றார். அதற்கு மேல் ஒரு சுருக்கெழுத்தர் யாரிடம் போவது?

அந்தக் கட்டுகளில் ஒன்று சவரியம்மாவின் வழக்கு.

சவரியம்மாவுக்கு அப்போதே அறுபதைத் தாண்டியிருக்கும். கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்தில் நூலைத் தார்க்குச்சியில் சுற்றும் வேலை. அவர் கணவர் அந்தோணி ஒரு கவுண்டர் தோட்டத்தில் பண்ணையத்துக்கு ஆளாக இருந்தவர். கிணறு வெட்டும்போது பாறை சரிந்து ஒரு கால் போய்விட்டது. தோட்டத்துப் பெரியவர் மனம் கேட்காமல், ரோட்டோரமாக ஓர் இடத்தைக் காட்டி, "இது உனக்குத்தாண்டா, ஊடு கட்டிக்க" என்று ஊர் முன்னால் சொல்லியிருக்கிறார். எழுதித் தரவில்லை. எழுதிக் கேட்பது மரியாதை இல்லை என்று இவர்களும் கேட்கவில்லை. இரண்டு அறை, ஓட்டுக் கூரை, முன்னால் ஒரு முருங்கை. வீட்டு வரி கட்டினார்கள், கரண்ட் வாங்கினார்கள், பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்தார்கள். பெரியவரும் போய், அந்தோணியும் போய், அவிநாசி ரோட்டில் நிலத்தின் விலை ஏறிய பிறகு, பெரியவரின் பேரன் வழக்குப் போட்டார். இடம் எங்களுடையது, தங்க அனுமதித்தோம், இப்போது காலி செய்ய வேண்டும் என்று.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் சவரியம்மா வந்துவிடுவார். என் அறை ஜன்னலுக்கு வெளியே, நிழல் இருக்கும் பக்கமாக உட்கார்ந்திருப்பார். நான் எட்டிப் பார்த்தால், "வேலையக் கெடுத்துப்போட்டேனுங்களா அம்மணி" என்று எழுந்துகொள்வார். உட்காருங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

ஜனவரிக் கடைசி நாள் அவர் வழக்கைக் கூப்பிட்டார்கள். ஐயா மேடையில் இருந்து மெல்லிய குரலில் சொன்னார். வழக்கு வாதிக்குச் சாதகம், பிரதிவாதி இரண்டு மாதத்துக்குள் இடத்தைக் காலி செய்து ஒப்படைக்க வேண்டும். சவரியம்மா கும்பிட்ட கையைக் கீழே இறக்கவில்லை.

"ஏனுங்க சாமி, எதனாலன்னு சொல்லலீங்களே?"

சத்தம் போடவில்லை, அழவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஐயா தலையைக் குனிந்துகொண்டு, "தீர்ப்புல எல்லாம் விவரமா இருக்கும்மா. நகல் வாங்கிப் பாருங்க" என்றார். நான் அவருக்குக் கீழே என் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தீர்ப்பில் காரணம் என்று ஒரு வரிகூட எழுதப்படவில்லை என்பது அந்த அறையில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

இங்கே காலக்கெடு பற்றிச் சொல்ல வேண்டும். இந்த மாதிரித் தீர்ப்பின் மேல் மேல்முறையீடு செய்ய முப்பது நாள். அது தீர்ப்பு சொன்ன தேதியிலிருந்து ஓடும். தீர்ப்பின் நகல் இல்லாமல் மேல்முறையீடு செய்வது சிரமம். அதனால் நகல் கேட்டு மனுப் போட்டுவிட்டால், நகல் கைக்கு வரும் வரை ஆகிற காலத்தை அந்த முப்பதில் சேர்க்க மாட்டார்கள். தீர்ப்பே தயாராகவில்லை என்றாலும் மனுவைப் போட்டு வைக்க வேண்டும். போட்டால் கடிகாரம் நிற்கும். போடாவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும்.

நகல் பிரிவு கட்டடத்தின் பின்பக்கம். அங்கே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தப் பிரிவில் இருந்த சுப்பிரமணி தங்கமான மனிதர், அவரே என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார். சவரியம்மா முதல் வாரமே போயிருக்கிறார்.

"கட்டு இன்னும் உள்ளயிருந்து வரலீங்கம்மா. வெய்யில்ல வந்திருக்கறீங்க, தண்ணி குடிச்சுப்போட்டுப் போங்க. அடுத்த வாரம் வாங்க."

"சரிங்க கண்ணு, வாரேனுங்க."

அடுத்த வாரமும் இதேதான். அதற்கடுத்த வாரமும். மனு எழுதிக் கொடுங்கள் என்று சுப்பிரமணி கேட்கவில்லை. கட்டு வராமல் மனு வாங்கினால் அது நிலுவையில் நிற்கும், மேலே கேள்வி வரும். சவரியம்மாவும் வற்புறுத்தவில்லை. இவ்வளவு மரியாதையாகப் பேசுகிற பிள்ளையை எப்படி வற்புறுத்துவது? சவரியம்மாவின் வக்கீல் சிவக்குமார் காங்கேயத்தில் ஒரு பெரிய வழக்கில் மாட்டிக்கொண்டிருந்தார். "நகல் வரட்டுங்கம்மா, அப்பீல் போட்டுக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். சுப்பிரமணி எரிந்து விழுகிற ஆளாக இருந்திருந்தால், அந்த அம்மா வக்கீலிடம் போய் அழுதிருப்பார், வக்கீலும் ஓடி வந்திருப்பார். எங்கள் பக்கத்துப் பேச்சின் மரியாதை மேல் எனக்கு எப்போதும் பெருமை உண்டு. அந்த ஒரு வழக்கில் மட்டும் அந்த மரியாதையே ஒரு மாதத்தைத் தின்றுவிட்டது.

மார்ச் கடைசியில்தான் ஐயா அந்தக் கட்டைக் கையில் எடுத்தார். அன்று என் மகளுக்குப் பத்தாம் வகுப்புக் கடைசித் தேர்வு, சீக்கிரம் போக வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். மத்தியானம் கூப்பிட்டார். வழக்கம்போல நடந்துகொண்டே சொன்னார். முதல் பாதி முன்பே எழுதியிருந்தது. இப்போது சாட்சியங்கள். வாதியின் தரப்பில் சாட்சி சொல்ல வந்த தோட்டத்து மேஸ்திரி ஒருவர், எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டபோது உண்மையைச் சொல்லிவிட்டிருந்தார். பெரியவர் அந்த இடத்தை அந்தோணிக்கே கொடுத்துவிட்டார், ஊருக்கே தெரியும், அதற்குப் பிறகு எங்கள் யாருக்கும் அதில் பேச்சில்லை என்று.

ஐயா அதைச் சொல்லிக்கொண்டே வந்தார். "வாதியின் சொந்தச் சாட்சியே இவ்வாறு ஒப்புக்கொண்டுள்ள நிலையில், கால்புள்ளி, வீட்டு வரி ரசீதுகளையும் மின் இணைப்பு ஆவணங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது, கால்புள்ளி, பிரதிவாதியின் குடும்பம் தாவா இடத்தை உரிமையாளர் என்ற முறையிலேயே பல்லாண்டு காலம் பகிரங்கமாக அனுபவித்து வந்துள்ளது என்பது தெளிவாகிறது, முற்றுப்புள்ளி. எனவே இந்த எழுவினா பிரதிவாதிக்கு..."

நடை நின்றது.

நான் பென்சிலைத் தூக்கவில்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. எழுதிப் பார்த்ததும் வழக்கு திரும்பிவிட்டது. என் முதல் நீதிபதி சொன்ன அதே விஷயம். ஆனால் முடிவை இரண்டு மாதத்துக்கு முன்னாலேயே ஊர் கேட்கச் சொல்லியாகிவிட்டது.

நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். வெளியே யாரோ வாய்தா தேதி கேட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சார், வேணும்னா நான் அப்புறம் வரட்டுங்களா?" என்றேன். எழுந்து போனால் அவர் யோசிப்பார், மேலே யாரிடமாவது கேட்பார் என்று ஒரு நப்பாசை.

"வேண்டாம். அந்தப் பத்தியை எடுத்துடுங்க விஜயாம்மா."

பிறகு உட்கார்ந்தபடியே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். மேஸ்திரியின் சாட்சியம் நம்பத்தகுந்ததாக இல்லை. வரி ரசீது உரிமைக்கு ஆதாரம் ஆகாது. பிரதிவாதி அனுமதியின் பேரில் மட்டுமே குடியிருந்து வந்துள்ளார். கால்புள்ளி சொல்லவில்லை, முற்றுப்புள்ளி சொல்லவில்லை. நானே போட்டுக்கொண்டேன். கடைசியில் தேதி கேட்டேன். ஜனவரிக் கடைசி நாளைச் சொன்னார்.

நகல் கிடைத்ததும் சவரியம்மா வக்கீலிடம் ஓடினார். காகிதத்தின்படி முப்பது நாள் எப்போதோ முடிந்துவிட்டது. தாமதத்தை மன்னிக்கக் கேட்டு ஒரு மனுவோடு சேர்த்து மேல்முறையீட்டைப் போடலாம் என்று சிவக்குமார் மளமளவென்று எழுதி வைத்துக் கையெழுத்துக்குக் கூப்பிட்டார். அந்த அம்மா வரவில்லை.

அதற்குள் தறிக் கூடத்தில் கணக்கு எழுதுகிறவர், இப்படி இரண்டு மாதம் தீர்ப்பே தராமல் இழுத்தடித்தார்கள் என்று உயர் நீதிமன்றத்துக்கு அந்த அம்மா பெயரில் ஒரு புகார் எழுதிப் போட்டிருக்கிறார். அங்கிருந்து, சத்தியப் பிரமாணம் செய்து அனுப்புங்கள் என்று பதில் வந்தது. அதையும் முறையாகச் செய்து அனுப்பினார்கள். அவ்வளவுதான், சவரியம்மா நிம்மதியாகிவிட்டார். எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பிராது பெரியவர் காதுக்குப் போய்விட்டால், அவர் கூப்பிடும் வரை இரண்டு தரப்பும் தகராறில் இருக்கிற வேலியில் கை வைக்கக் கூடாது. வைத்தால் பெரியவரை மதிக்கவில்லை என்று அர்த்தம். ஊரிலேயே அப்படி என்றால், உயர் நீதிமன்றம் எவ்வளவு பெரிய பெரியவர்!

சிவக்குமார் தறிக் கூடத்துக்கே போய்ப் பேசினார். அவரே என்னிடம் சொன்னது.

"நான் மேல சொல்லிப்போட்டேனுங்க தம்பி. அவிய கூப்புடற வரைக்கும் நாம வேற எடத்துல போயிச் சொல்லப்படாதுங்க."

"அம்மா, அது நீதிபதி மேல குடுத்த புகாருங்க. உங்க ஊட்டுக்காகக் குடுத்தது இல்லீங்க. அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது. அவிய விசாரிச்சாலும் இந்தத் தீர்ப்பு அப்படியேதான் நிக்கும்."

"அதெப்படிங்க நிக்கும்? தப்புன்னு தெரிஞ்சா மாத்த மாட்டாங்களா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. எந்தச் சாதாரண மனிதரும் அப்படித்தான் நினைப்பார். ஆனால் புகார் நிர்வாகத்தின் வழியே போகும், மேல்முறையீடு வழக்கின் வழியே போகும். இந்த வழியில் நடந்தால் அந்த வழியின் கடிகாரம் நிற்காது. இதை அந்த அம்மாவுக்குப் புரிய வைக்க யாராலும் முடியவில்லை. மழைக்காலம் வந்தது. அந்தப் பேரன் தீர்ப்பை நிறைவேற்றக் கேட்டு மனுப் போட்டார், உத்தரவும் வாங்கிவிட்டார்.

எங்கள் அமீனா, அதாவது கோர்ட்டு உத்தரவை நிறைவேற்றப் போகிற ஊழியர், மறுநாள் என் அறைக்கு வந்து நின்றார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. போலீசும் ஜேசிபியும் வந்து நின்றபோது, சவரியம்மா உள்ளே போய் உயர் நீதிமன்றத்திலிருந்து வந்த பதிலை எடுத்து வந்து இரண்டு கையாலும் நீட்டினாராம். "இது இருக்குதுங்களே சாமி, இது இருக்கறப்ப எப்படிங்க இடிப்பீங்க?" அமீனா வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். வேறென்ன செய்வார்? சாயங்காலத்துக்குள் தரைமட்டமாகிவிட்டது. முருங்கையையும் விடவில்லை. "நான் எத்தனையோ ஊட்டைக் காலி பண்ணியிருக்கறேனுங்க மேடம். கல்ல எடுத்து அடிப்பாங்க, சாபம் உடுவாங்க. அந்தம்மா நாங்க சாமானை வெளிய வெக்கறதுக்கு ஒத்தாசை பண்ணுச்சுங்க" என்றார். நான் அன்று வேலை செய்யவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகுதான் சவரியம்மா மேல்முறையீட்டு மனுவில் கையெழுத்துப் போட்டார். மேல் கோர்ட்டில் தாமதத்தை மன்னிக்கவில்லை. உரிய காலத்தில் நகல் மனுகூடப் போடவில்லை, வேறிடத்தில் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன் என்பது போதுமான காரணம் ஆகாது என்று எழுதிவிட்டார்கள். தீர்ப்பு பின்னால்தான் எழுதப்பட்டது என்று சிவக்குமார் வாதாடினார். தீர்ப்பில் இருப்பது ஜனவரித் தேதி, அதற்கு மாறாக உங்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள்.

அதைச் சொல்லக் கூடியவள் நான்தான். என்னைக் கூப்பிட்டது அதற்கும் வெகு நாள் கழித்து. அதுவும் வேறு இடத்துக்கு.

அந்தப் புகாரின் பேரில் ஐயா மீதான விசாரணை கோவையில் நடந்தது. விசாரித்தவர் ஒரு மூத்த நீதிபதி, கண்டிப்பானவர் ஆனால் நேர்மையானவர். ஐயா எதிரே உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். என்னிடம் கேட்கப்பட்டது ஒன்றுதான்: இந்தத் தீர்ப்பின் டிக்டேஷனை எந்தத் தேதியில் எடுத்தீர்கள்? சொன்னேன். எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்றார். மகளின் பரீட்சையைச் சொன்னேன். போதும், போகலாம் என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. "இன்னொண்ணு சொல்லணுங்க" என்று அந்த மூத்த நீதிபதியிடம் ஆரம்பித்து, அந்த மத்தியானம் அந்த அறையில் நடந்ததை முழுக்கச் சொன்னேன். முதலில் என்ன சொன்னார், எங்கே நின்றார், எதை எடுக்கச் சொன்னார், பிறகு எதைப் போடச் சொன்னார் எல்லாம். வார்த்தை தடுமாறவில்லை. விசாரித்த நீதிபதி தட்டச்சரிடம் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"அம்மா, நீங்க சொல்றது பொய்யின்னு நான் சொல்லலை. ஆனா அந்தத் தீர்ப்பு சரியா தப்பான்னு நான் இங்க பார்க்க முடியாது. அது மேல்முறையீட்டுல பார்க்க வேண்டியது. இங்க குற்றச்சாட்டு தேதியைப் பத்தி மட்டும்தான்."

"மேல்முறையீட்டுல தேதி போயிருச்சுன்னு சொல்லிட்டாங்கய்யா."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "தெரியும்" என்றார். பிறகு ஐயாவின் பக்கம் திரும்பி, சாட்சியிடம் கேள்வி ஏதாவது உண்டா என்று கேட்டார்.

"கேள்வி இல்லை" என்றார் ஐயா. அதே மெல்லிய குரல்.

வெளியே வராந்தாவில் ஐயா என் பக்கத்தில் வந்து நின்றார். "நடந்ததைத்தான் சொன்னீங்க விஜயாம்மா. பொண்ணு இப்ப என்ன படிக்குது?" எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதே நேரம் அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. படியிறங்கி வந்துவிட்டேன். இன்றுவரை அந்தக் கோபமும் போகவில்லை, பாவமும் போகவில்லை.

அவருக்குக் கட்டாய ஓய்வு கொடுத்தார்கள். உங்கள் புகாரின் மேல் தக்க நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று சவரியம்மாவுக்கு ஒரு பத்தியில் கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அவர் சிவக்குமாரிடம் வர, அவர் என்னையும் கூப்பிட்டார். நீதிமன்றத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

சிவக்குமார் பொறுமையாக விளக்கினார். ஒரு நீதிபதி நீதிபதியாக இருந்து செய்ததற்காக அவர் மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது, வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அதற்குச் சட்டம் தடுப்பு வைத்திருக்கிறது. அது இல்லாவிட்டால் தோற்கிறவர் எல்லாரும் நீதிபதி மேல் வழக்குப் போடுவார்களாம். மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியிருந்தால் இடத்தைத் திருப்பிக் கேட்க வழி இருந்தது. அந்தக் கதவு மூடிவிட்டது. இந்த விசாரணையைக் காட்டி உயர் நீதிமன்றத்தில் இன்னொரு முறை தட்டிப் பார்க்கலாம், ஆனால் இடம் இதற்குள் கை மாறிவிட்டது, அங்கே கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது, வருஷக்கணக்கில் ஆகும்.

சவரியம்மா பாதியில் கேட்பதை நிறுத்திவிட்டார் என்று தெரிந்தது. டீ ஆறிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க அம்மணி, அந்த ஐயாவுக்கு இப்ப வேலை இல்லீங்களா?"

"இல்லீங்கம்மா."

"புள்ளைங்க இருக்குதுங்களா அவருக்கு?"

"ரெண்டு பொண்ணுங்க."

அந்தக் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவரு வேலையப் புடுங்கச் சொல்லி நான் எழுதலீங்களே. என்ற ஊட்டக் குடுங்கன்னுதானுங்க எழுதிக் கேட்டேன்" என்றார். சிவக்குமார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கருமத்தம்பட்டி பஸ் வந்து நின்றது. எழுந்தவர் கடிதத்தை மடித்து என் கையில் வைத்தார்.

"இத நீங்களே வெச்சுக்குங்க அம்மணி. பத்திரமா வெக்கறதுக்கு எனக்கு ஊடு இல்லீங்க."